குதிரைமலைப் புதையல்

புதையல் என்ற சொல்லுக்குச் செவி சாய்க்காதவர் உலகில் மிகச் சிலரே. பொன்னையும் ஓட்டையும் ஒப்ப நோக்கும் துறவியுங்கூட, "எந்த இடத்தில்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார் போலும். முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் எனக்கும் அச்சொல்லின் கவர்ச்சி தெரியாதது அன்று. எனினும், புதையலைத் தேடி ஒருவர் என் வீட்டுப் படியேறி வருவார் என்று நான் ஒருநாளும் எதிர்பார்த்தது இல்லை.

ஆனி மாதத்து மாலை ஒன்றில் அது நிகழ்ந்தது. வெள்ளவத்தையில், கடலோரப் புகைவண்டிப் பாதைக்கு அணித்தாக இருக்கும் எனது வீட்டு விறாந்தையில் ஏதோ ஒரு கட்டுரைத் தொகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் தமிழ் படிக்க வரும் மாணவன் ஒருவன், பாடநாள் அல்லாத அந்நாளில், தன் தந்தையாருடன் வந்து நின்றான். தந்தையார் சிறிய பலசரக்குக் கடை ஒன்றை நடத்துபவர். அவர் கையில் மஞ்சள் துணியிற் சுற்றிய பொதி ஒன்று. அதனை அவிழ்த்து, பழுப்பேறிய ஒற்றை ஓலையொன்றை என்முன் வைத்தார்.

"ஐயா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கிடங்கு எந்தப் பக்கம் எண்டு மட்டும் தெரிஞ்சாற் போதும்" என்றார்.

அவர் கூறிய கதை இது. மந்திரம் அறிந்தவர் என்று பெயர் பெற்ற ஒருவர் அவ்வோலையை மூன்று இலட்சம் ரூபாவுக்கு அவரிடம் விற்றிருக்கிறார். வடமேற்குக் கரையிலுள்ள குதிரைமலையின் அடிவாரத்தில், முற்காலத்துக் கடற்கொள்ளையர் ஒரு கப்பற் பொன்னைப் புதைத்துவிட்டுப் போயினராம். ஓலை அந்த இடத்தைச் சொல்கிறதாம். அமாவாசை இரவில் கடலிலிருந்து குதிரையொன்று எழுந்து மலையை வலம் வருமாம். அதனைக் கண்டவன் கண் இழப்பானாம். ஆகவே ஆடி அமாவாசையன்று கறுத்தச் சேவல் பலியிட்டு, உலோகம் காட்டுங் கருவியொன்றுடன் ஐவர் அங்கே செல்வது என்று ஏற்பாடு. மூன்று இலட்சமும் மனைவியின் நகையைச் செட்டியார் தெருவில் அடைவு வைத்துப் பெற்ற பணம்.

ஓலையைப் பார்த்த அளவிலேயே அது இன்னதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் அதைச் சொல்லும் வகை தெரியவில்லை. "மூன்று நாள் தவணை தாருங்கள், நன்றாக வாசித்துச் சொல்கிறேன்" என்று கூறி அவர்களை அனுப்பினேன். அந்த மூன்று நாளும் என் சிந்தை குதிரைமலையைச் சுற்றி வந்தது. அது கடலிலிருந்து எழுந்த குதிரையின் வேலையன்று. என்னுடைய பழைய கடனொன்று அம்மலையில் இருந்தது.

மலையும் கதையும்

குதிரைமலை புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் மேற்கு ஓரத்தில், கடலை நோக்கி நிற்கும் செம்மண் மேடு. மலை என்று சொல்லினும் அது பெருமலை அன்று. தாழ்ந்த கரையில் தனித்து உயர்ந்து நிற்பதால் அப்பெயர் பெற்றது. முன்னங்கால்களைத் தூக்கி நின்ற மாபெரும் குதிரைச் சிலையொன்று ஒருகாலத்தில் அங்கே மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்தது என்பது கர்ணபரம்பரை. அச்சிலையின் அடிப்பீடம் என்று செங்கற் சிதைவொன்றை இன்றும் காட்டுவர். அல்லி அரசாணி அங்கே அரண்மனை அமைத்து முத்துக்குளிப்பை ஆண்டாள் என்பதும், அவ்வரண்மனையைக் கடல் கொண்டது என்பதும் இன்னொரு கதை.

அல்லியின் பெயர் இக்கரையில் எங்ஙனம் பரவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்னும் ஊரில், கடலோரத்தில் இடிந்து நிற்கும் மாளிகையொன்றை மக்கள் 'அல்லிராணி கோட்டை' என்று அழைப்பர். உண்மையில் அது, 1798 முதல் 1805 வரை இலங்கையில் ஆங்கிலத் தேசாதிபதியாக இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டுக் கட்டுவித்த மாளிகை. கட்டியவனின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. ஆயினும் இருநூறு ஆண்டுக்குள் மக்கள் நாவில் அது பாரத காலத்து அரசியின் கோட்டையாகிவிட்டது. கதை பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டு வேண்டுவதில்லை. கூரை விழுந்தாற் போதும்.

இனி, என் கடனைச் சொல்லுகிறேன். புறநானூற்றிலே பிட்டங்கொற்றன் என்னும் வள்ளல் குதிரைமலைக்குத் தலைவனாகப் பாடப்பெறுகின்றான். முதலியார் செ. இராசநாயகம் அவர்கள் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில், அக்குதிரைமலை நமது கரையிலுள்ள இம்மலையே என்று எழுதினார். இளமையில் அந்தக் கூற்றைப் படித்தபோது என் நெஞ்சு பூரித்தது. சங்கப் புலவர் பாடிய மலை நம் நாட்டில் இருக்கிறது என்பதைவிட இன்பமான செய்தி ஒரு தமிழ் மாணவனுக்கு வேறென்ன? ஆசிரியனான பின்னர்ப் பல ஆண்டுகள் அதனையே ஐயமின்றிக் கற்பித்தேன்.

ஆனால் அப்பாட்டுகளை நிதானமாகப் படிக்கும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. பிட்டனைக் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பாடிய பாட்டில் அருவி ஆர்க்கின்றது, மூங்கில் அடர்கின்றது, மிளகு வளரும் சாரலிலே காந்தள் மலர்கின்றது, குறவர் சந்தன விறகு எரிக்கின்றனர். நமது குதிரைமலையிலோ அருவி இல்லை. மிளகுக் கொடி இல்லை. வறண்ட முட்காடும் உப்புக் காற்றுமே உண்டு. பிட்டன் சேரனுக்குப் படைத்தலைவனாக விளங்கியவன் என்பதையும் கூட்டி நோக்கினால், புலவர் கண்ட மலை மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது என்பதே பொருந்தும். பெயர் ஒன்றாக இருப்பதனால் பொருள் ஒன்றாகிவிடாது என்று மாணவருக்கு இலக்கண வகுப்பில் ஓயாமற் சொல்பவன் நான். ஆயினும் என் ஆசைக்கு இசைந்தபோது அவ்விதியை மறந்தேன். மூன்று இலட்சம் கொடுத்த கடைக்காரருக்கும் எனக்கும் இதில் என்ன வேறுபாடு? அவர் பொன்னைத் தேடினார். நான் பழம்பெருமையைத் தேடினேன். இருவரும் 'குதிரை' என்ற சொல்லைக் கண்டவுடன் தோண்டத் தொடங்கினோம்.

இதனாற் குதிரைமலைக்குப் பெருமை இல்லை என்று எவரும் கொள்ளற்க. உரோம நாட்டுப் பேரறிஞர் பிளினி, கி.பி. 77 அளவில் முற்றுப்பெற்ற தமது இயற்கை வரலாற்றில் ஒரு செய்தி கூறுகின்றார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியு புளோக்கமு என்பவனின் ஆளொருவன் அரபுக் கரையோரம் சென்றபோது, காற்றினால் அலைப்புண்டு பதினைந்தாம் நாள் இலங்கையில் 'இப்புரோசு' என்னும் துறையை அடைந்தான். இத்துறை குதிரைமலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கிரேக்க மொழியில் 'இப்போசு' என்றால் குதிரை. 'ஊரா' என்றால் வால். ஆக, அப்பெயரின் நேர்ப்பொருள் குதிரைவால். வந்தவனிடம் இருந்த நாணயங்களில் வெவ்வேறு மன்னரின் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் அவையெல்லாம் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு இலங்கை வேந்தன் வியந்தானாம். அத்தகைய நேர்மையுடையோரின் நட்பை நாடி, கிளாடியசுப் பேரரசனிடம் நான்கு தூதரை அனுப்பினானாம். அன்னியு புளோக்கமுவின் ஆள் ஒருவன் தன் பெயரைப் பொறித்த கல்வெட்டு எகிப்தின் கிழக்குப் பாலைவனத்திலே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதன் காலம் கி.பி. 6. ஆகவே அக்குடும்பத்தார் அக்கடல்வழி வாணிகத்தோடு தொடர்புடையோர் என்பது கட்டுக்கதை அன்று.

ஒரு நாணயத்தின் மதிப்பு அதன் பொன்னிலா, அதன் நிறை பிறழாத வாய்மையிலா என்ற வினாவை, நமது கரையில் ஓர் அரசன் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பியிருக்கின்றான்.

கொள்ளையர் பொன் எங்கே?

இனிக் கடற்கொள்ளையர் கதைக்கு வருவோம். கொள்ளையன் தீவிலே பொன்னைப் புதைத்துப் படம் வரைந்து வைப்பான் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது 1883இல் நூலாக வந்த இசுடீவன்சனின் 'புதையற் றீவு'. அதற்கு வித்திட்டவன் கப்டன் கிட் என்பவன். அவன் 1699இல் அமெரிக்கக் கரையிலுள்ள கார்டினர் தீவில் பொன் புதைத்தது மெய்யே. ஆனால் அதிகாரிகள் அதனை உடனே தோண்டி எடுத்து, அவனுக்கு எதிரான சான்றாக இலண்டனுக்கு அனுப்பினர். 1701இல் அவன் தூக்கிலிடப்பட்டான். மற்றைக் கொள்ளையரோ பெரும்பாலும் கிடைத்ததைப் பங்கிட்டுக் கள்ளிலும் சூதிலும் கரைத்தவர்கள். 1695இல் ஒளரங்கசீப்பின் 'கஞ்சே சவாய்' என்னும் பெருங்கப்பலை என்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளையன் நமது இந்துமாக்கடலிலேதான் கொள்ளையிட்டான். அந்தச் செல்வமும் மரத்தடியிற் புதைக்கப்படவில்லை. பலர் பையிற் பிரிந்து போயிற்று.

இலங்கைக் கடலில் உண்மையாகவே ஒரு புதையல் கிடைத்ததுண்டு. தென்கிழக்கே கிரிந்தைக்கு அப்பால், கடலினுள் இருக்கும் பாறைத் தொடரை மக்கள் 'மகா இராவணன் கோட்டை' என்பர். இராவணனின் மாநகர் அங்கே மூழ்கிக் கிடக்கிறது என்பது கதை. 1873 முதல் அங்கே ஒரு வெளிச்சவீடு எரிகிறது. 1961ஆம் ஆண்டு மைக் வில்சன் என்பாரும் அவருடன் சென்ற இரு சிறுவரும் அப்பாறையருகே நீரில் மூழ்கியபோது, வெள்ளி நாணயங்களையும் சிறு பீரங்கியொன்றையும் கண்டெடுத்தனர். எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அவ்வரலாற்றைப் பின்னர் நூலாக எழுதினார். நாணயங்கள் ஒளரங்கசீப்பின் பெயரால் சூரத்தில் அச்சிடப்பட்டவை. இசுலாமிய ஆண்டு 1113, அதாவது 1702ஐ ஒட்டியவை. பைகள் உக்கிப்போயின, ஆயினும் பையில் இருந்த வடிவிலேயே நாணயங்கள் இறுகிக் கட்டியாகிக் கிடந்தன. அவை இராவணனுடையனவும் அல்ல. கொள்ளையர் புதைத்தனவும் அல்ல. பாறையில் மோதிய ஒரு வணிகக் கப்பலின் கைமுதல். அந்தக் கப்பலோடு எத்தனை உயிர் போயிற்றோ!

புதைத்தவர் யார்?

பூதம் புதையல் காத்ததுபோல என்று நாம் பழமொழி சொல்கிறோம். புதையலுக்குக் காவல் பூதம் அன்று, அச்சமே என்பது என் கருத்து. நிறைந்த மனத்தோடு எவரும் பொன்னை மண்ணுக்குக் கொடுப்பதில்லை. 1667இல் ஒல்லாந்தர் கப்பற்படை இங்கிலாந்தின் ஆற்றினுள் நுழைந்தபோது, நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்சு தமது பொன்னை நாட்டுப்புறத்துத் தோட்டத்திலே புதைக்கச் செய்தார். சில மாதம் கழித்துத் தோண்டியபோது, பை கிழிந்து காசு மண்ணோடு கலந்திருந்தது. அவர் விளக்கேற்றி வைத்துச் சேற்றைச் சலித்துப் பொறுக்கினார். அவர் திரும்பி வந்தார். ஆகவே அங்கே புதையற்கதை இல்லை. திரும்பி வராதவரின் பொன்னே பின்னாளிற் புதையல் எனப்படுகிறது.

சங்கப் புலவர் மாமூலனார் இதனை நன்கு அறிந்தவர். நந்தர் பாடலி நகரிலே கங்கை நீரின் அடியில் மறைத்த நிதியத்தை அகநானூற்றின் ஒரு பாட்டிலும், சேரன் தன் முற்றத்திற் குவித்து மண் தின்னும்படி விட்ட நிதியத்தை இன்னொரு பாட்டிலும் பாடுகிறார். இரண்டும் பிரிவைப் பற்றிய பாட்டுகள். அத்தனை நிதியமும் வீட்டில் இருப்பவளின் ஒருநாள் துயரத்துக்கு ஈடாகுமா என்பதே அவற்றின் உட்கிடை. நகையை அடைவு வைத்த வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் அல்லவா என்று எண்ணியபோது, ஓலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை இனித் தள்ளிப்போடலாகாது என்று தோன்றியது.

ஓலை சொன்னது

மூன்றாம் நாள் இருவரும் வந்தனர். பையனை அருகில் இருத்தி, ஓலையை விளக்கொளியிற் சாய்த்துப் பிடித்தேன்.

"தம்பி, பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை, குத்தினால் ஓலை கிழியும். எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் தோன்றாது. அதைத் திருத்தமாக வகுத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஆகையால் ஓலையை வாசிப்பவன் தன் அறிவினாற் பிரிக்க வேண்டும். ஆசையினாற் பிரித்தாற் கெட்டான். இங்கே பார், இதை உங்களுக்கு விற்றவர் எப்படி வாசித்தார்?"

தந்தையார் விரலால் தொட்டுக் காட்டினார். "இதிலை குதிரை. இதிலை பொன், காணி. இதிலை கடல்."

"குதிரை என்பதற்குப் பின்னால் இரண்டு எழுத்து இருக்கின்றன. வா, லி. அது குதிரைவாலி, தானியம். பொன்னும் காணியும் வெவ்வேறு சொல் அல்ல; நடுவிலுள்ள எழுத்தையும் சேர்த்து வாசித்தால் பொன்னாங்காணி; நீங்கள் கடையில் விற்கிற கீரைதான். கடலுக்குப் பின்னால் நுரை என்று இருக்கிறது. கடல்நுரை ஒரு மருந்துச் சரக்கு. இது கண்ணோய்க்கு மருந்து சொல்லும் வாகட ஏடு. பத்தியம் குதிரைவாலிக் கஞ்சி."

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. புகைவண்டியொன்று கடந்து போயிற்று. அவர் முகம் சிவந்தது.

"நீங்கள் படிச்ச ஆட்கள் எதையும் இல்லை எண்டுதான் சொல்லுவியள்" என்று எழுந்தார். பையன் தலை குனிந்திருந்தான். நான் மறுத்துப் பேசவில்லை. அனுமதிப் பத்திரமின்றித் தொல்லிடத்தைத் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம், 1998இல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது, அதன்மேல் குதிரைமலை தேசிய வனத்துக்குள் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். அவர் வாயிற்படி வரை சென்று, திரும்பி நின்றார்.

"அப்ப இந்த ஓலைக்கு ஒரு பெறுமதியும் இல்லையோ, ஐயா?"

அந்த வினாவுக்கு விடையாக, நான் எவரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள். வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவில் வெளியேறிய நாள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே அடியடியாக நகர்ந்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். புறப்படுமுன் என் தந்தையார் மாட்டுக்கொட்டிலின் மூலையிற் கிடங்கு வெட்டி, தகரப் பெட்டியொன்றைப் புதைத்தார். அதில் என் பாட்டனார் எழுதியும் சேர்த்தும் வைத்திருந்த வைத்திய ஏடுகள் இருந்தன. "பொன்னை இடுப்பிற் கட்டலாம், இதை எங்கே கட்டுவது?" என்றார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பியபோது கிடங்கு திறந்து கிடந்தது. எவரோ பொன் என்று எண்ணித் தோண்டியிருக்கிறார்கள். ஓலையைக் கண்டு வெறுத்துக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மாரி முழுவதும் மழை பெய்திருந்தது. கறையான் விட்டுவைத்தது ஏழு ஓலை. அவற்றிலும் இரண்டிலேதான் எழுத்துத் தெரிந்தது. என் தந்தையார் அந்த ஈரமண்ணில் அமர்ந்து, பீப்சு காசு பொறுக்கியதுபோல, ஓலைத் துண்டுகளைப் பொறுக்கிய காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

"உங்கள் கையில் இருப்பது யாரோ ஒரு வைத்தியர் வீட்டிலிருந்து போனது. அந்தக் கட்டு முழுவதும் இருந்திருந்தால் எத்தனை பேர் கண் தெளிந்திருக்கும்! அதைப் பிரித்து ஒற்றை ஓலையாக்கி உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். விலை மூன்று இலட்சம் அல்ல. ஆனால் பெறுமதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன்."

அவர் மீண்டும் வந்து அமர்ந்தார். ஓலையை எடுத்து, விற்றவரின் மஞ்சள் துணியில் அல்லாமல், தமது கைக்குட்டையிற் சுற்றினார். "இவனுக்கு இதை வாசிக்கப் பழக்கி விடுவியளோ?" என்று கேட்டார்.

ஆடி அமாவாசையன்று அவர் குதிரைமலைக்குப் போகவில்லை. கொடுத்த பணம் திரும்பவில்லை. நகைக்கு மாதந்தோறும் வட்டி கட்டி வருகிறார். தேவநம்பிய தீசன் முடிசூடியபோது குதிரை முத்து முதலான எண்வகை முத்துக்கள் கடலிலிருந்து தாமாகவே கரையேறின என்று மகாவமிசம் கூறும். அரசர்க்கு அவ்வாறு நிகழ்ந்திருக்கலாம். நம்போன்றோர் எழுத்துக்கூட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பையன் சனிக்கிழமைதோறும் ஓலையோடு வருகிறான். என் பாட்டனாரின் இரண்டு ஓலைகளையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். சென்ற வாரம் அவற்றுள் ஒன்றில் ஒரு வரியை யாருடைய உதவியுமின்றி அவனே பிரித்து வாசித்தான். நான் இத்தனை ஆண்டு பிழையாக வாசித்து வந்த ஒரு சொல்லையும் தயங்கித் தயங்கித் திருத்தினான். அவன் வாசித்ததே சரி.